உறவில்லை

செப்டம்பர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ சொன்ன மருந்தை வாங்கவில்லை, தானாகவே போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

தளபதியின் ஆட்சியில் காணாமல் போனவர்களைப் பதிவு செய்யும் இந்த வேலையில் சேர்ந்த அன்றே நீ கேட்டாய்: "அந்தத் தளபதி ஆளுங்க இழுத்துட்டுப் போனவங்க கதையை, அவன் குடும்பப் பேரையே வெச்சுக்கிட்டு நீ உக்காந்து எழுதப் போறியா?" அன்று சிரித்தேன். நேற்று முடியவில்லை.

வயதான ஓர் அம்மா வந்தார். மகனின் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைக்கப் போனவர், அங்கிருந்த பெயர்ப் பலகையைப் படித்தார். படம் பைக்குள் திரும்பிப் போனது. "உறவில்லைங்க, பேரு மட்டும்தான்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்த நாற்காலியைப் பழைய இடத்தில் ஒழுங்காக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மேலாளர். உன் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்ளட்டுமா? அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். உன்னிடம் கேட்கவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உன் மகள்

செப்டம்பர் 15

என் சுண்டுவுக்கு,

தாராளமாக எடுத்துக்கொள். பெட்டியில் மடித்துக் கிடந்தது. உனக்குப் பொருந்தினால் சந்தோஷம்தான்.

இங்கே பரிசோதனை நிலையத்தில் எல்லாம் வழக்கம்போல. ரத்தம் எடுக்க ஊசியை வைக்கும்போதுதான், என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் எல்லோர் கண்ணிலும் படும். நேற்று ஒரு லாரி ஓட்டுநர், "ஏம்மா, நாடு முழுக்க எடுத்த ரத்தம் பத்தலையா உங்க ஆளுக்கு?" என்றார். "உறவில்லைங்க. ஊசி மட்டும்தான் நம்மளது" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் கை தளரும், நரம்பு சுலபமாகக் கிடைக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா, "பேரை மாத்திக்காதே, நீயாவது நிம்மதியா இரு" என்றார். நான் கேட்கவில்லை. அந்தப் பெயரோடு அவர் தனியாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எழுதிய பிறகு படித்தால் அப்படித்தான் இருக்கிறது. அடித்துவிடவும் மனமில்லை.

உறைமேல் உன் புதுப் பெயரை எழுத உட்கார்ந்தால், கை பழையதையே எழுதிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு உறை எடுத்தேன்.

நவம்பரில் விடுப்பு கிடைக்கும். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், நானே கொண்டுவருகிறேன். நீ ரயில் நிலையத்துக்கு அலைய வேண்டாம். வேலை முடியும் நேரத்துக்கு உன் அலுவலகத்துக்கே வந்துவிடுவேன்.

அம்மா

நவம்பர் 21

சுண்டுவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அன்று ரயில் சீக்கிரமே வந்துவிட்டது. உன் அலுவலக வாசல்வரை வந்தேன். ஒரே கூட்டம். வேலை நேரத்தில் உனக்கு எதற்குத் தொந்தரவு என்று சட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன். முழங்காலும் கொஞ்சம் வலித்தது.

கழுத்து இறுக்கமாக இருந்தால் எழுது, பிரித்துப் பின்னித் தருகிறேன்.

அம்மா

நவம்பர் 29

அம்மா,

சட்டை சரியாக இருக்கிறது. போட்டுக்கொள்ளத்தான் முகமில்லை. அன்று வாசலில் கூட்டம் ஏதும் இல்லை. நீ ஒருத்திதான் நின்றாய் என்று காவலாளி சொன்னார்.

அந்த நேரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? பலகையைப் பார்த்துவிட்டுப் போனாரே, அதே அம்மா. வேறு ஆள் வந்திருப்பதாக யாரோ சொல்லி, நம்பி வந்திருந்தார். புதுப் பெயரைப் படித்தார், படத்தை மேசையில் வைத்தார். கடைசியாக வீட்டைவிட்டுப் போனபோது மகன் போட்டிருந்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்ததால் தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. காவலாளி நம் பெயரை உரக்கச் சொல்லி, "இந்தப் பேருல ஒரு அம்மா வந்திருக்காங்க. உங்களுக்கு உறவுங்களா?" என்றார். அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

நான் "உறவில்லை" என்றேன்.

யோசிக்கவே இல்லை அம்மா. வாயில் எப்போதும் இருப்பதுதான் வந்தது.

"யாரும்மா அது?" என்று அவர் கேட்டார். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. "எங்கம்மா" என்றேன். எழுந்துவிட்டார். பெயருக்காகத்தான் மறுபடியும் போகிறார் என்று நினைத்தேன். "பேரு கிடக்கட்டும். எம் பையனைக் கேட்டு அந்தத் தளபதி ஆளுங்க முகாம் வாசல்ல நின்னேன். காவலுக்கு இருந்தவன் இப்படித்தான் போன்ல கேட்டுட்டு, 'அப்படி யாரும் இங்க இல்லை'ன்னான். எம் பையன் உள்ளதான் இருந்தான்" என்றார். போகும்போது இந்த முறை நாற்காலியை நகர்த்தி வைக்கவில்லை.

நான் கீழே ஓடி வந்தேன். பொட்டலம் இருந்தது, நீ இல்லை. என் பதிலைச் சொன்னதும் நீ என்ன சொன்னாய் என்று காவலாளியைக் கேட்டேன். "'ஆமா தம்பி, தெரு மாறி வந்துட்டேன்'னாங்க. அப்புறம் இதைக் குடுத்து, 'அந்தப் பொண்ணுக்குன்னு வழியில யாரோ குடுத்தாங்க'ன்னாங்க" என்றார். ரயில் நிலையம்வரை ஓடினேன். ரயில் போய்விட்டிருந்தது.

என் மேசைமேல் இப்போது எந்தப் பலகையும் இல்லை. நான் வரட்டுமா அம்மா?

உன் மகள்

டிசம்பர் 22

சுண்டுவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. வேலை அதிகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எழுதத் தோன்றவில்லை.

காவலாளியின் மேசையிலும் ஒலிபெருக்கிதான். உன் குரலை நேராகவே கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பாவமாகப் பார்த்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. மற்றபடி, அந்த வார்த்தையைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். யார் கேட்டாலும் முந்திக்கொண்டு சொல்லிவிடு என்றேன். நன்றாகத்தான் படித்திருக்கிறாய். அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

போன வாரம் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பள்ளி ஆசிரியர், பெயரைப் படித்துவிட்டு, "அவனுக்கு உறவாம்மா?" என்றார். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. ஊசியும் கையுமாக நான் நின்ற நிலையைப் பார்த்து மனிதர் பயந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரர் பேருங்க" என்றேன். "சரிம்மா, மெதுவாக் குத்துங்க" என்றார். இனிமேல் அதையே சொல்வதாக இருக்கிறேன்.

என் பிறந்த வீட்டுப் பெயர் உன்னிடமே இருக்கட்டும். உன்னிடம் வந்து உட்காருகிறவர்களுக்கு அதனால் நிம்மதி என்றால் நல்லதுதானே. இந்த உறைமேல் அதை ஒரே தடவையில் எழுதிவிட்டேன், பார்த்திருப்பாய்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் வா. கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பேன். என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று யோசித்துவிட்டு வா.

அம்மா