தறிக்கூடத்து டிரிப்பரைக் கழற்றித் தன் வீட்டில் மாட்டிக்கொண்ட முதலாளி மீது மனு

அனுப்புநர்:
நதியா,
க/பெ. கந்தன் (காலஞ்சென்றவர்),
பள்ளிக்கூடத் தெரு, தென்னேரி,
வாலாஜாபாத் வட்டம்.

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: பிள்ளையார்பாளையத்தில் திரு. திருஞானசம்பந்தம் என்பவருக்குச் சொந்தமான கட்டடத்தின் தறிக்கூடத்தில் மின்கசிவுத் தடுப்புச் சாதனத்தை அகற்றியதால் என் கணவர் உயிரிழந்தது – நேரில் ஆய்வு செய்து கடும் நடவடிக்கை எடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவர் கந்தனும் மேற்படி நபரின் கூடத்தில் பட்டுப்புடவை நெய்துவந்தோம். கீழே தறிக்கூடம், மாடியில் முதலாளி வீடு. அத்தனையும் குழித்தறிகள். நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். புடவையில் பூவேலை விழவைக்கும், முன்பு காலால் மிதித்துத் தூக்கிய ஜக்கார்டு பெட்டியை இப்போது மோட்டார் தூக்குகிறது. அந்த மோட்டாரின் கால் சுவிட்ச் குழிக்குள்ளேயே இருக்கிறது.

2. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். அப்போதெல்லாம் எங்கள் கூடத்து டிரிப்பர் விழுந்துவிடும். மின்சாரம் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் சாதனத்தைத்தான் நாங்கள் டிரிப்பர் என்போம். அது விழுவது எங்களைக் காப்பாற்ற. முதலாளிக்கோ வேலை கெடுகிறதே என்ற ஆத்திரம். “சும்மா சும்மா விழுந்துக்கினு இருக்குது, கல்யாண சீசன்ல இது ஒரு ரோதனை” என்று கத்தி, ஒயர்மேன் யுவராஜை வரவழைத்து அதைக் கழற்றச் செய்தார். ஒயரை நேராகச் சேர்த்துவிட்டார்கள். புதியது வரும் என்று எங்களிடம் சொன்னார். முதலாளி வார்த்தையாயிற்றே என்று நாங்களும் நம்பினோம்.

3. புதியது வரவில்லை. சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் பிரவீனா குளியலறையில் கெய்சர் குழாயைத் தொட்டபோது ஷாக் அடித்தது. அடித்த வேகத்தில் வீட்டு டிரிப்பர் விழுந்து பெண் பிழைத்தாள். கோயில் தாயார்தான் காப்பாற்றினாள், தாயாருக்குப் புடவை சாத்த வேண்டும் என்று குடும்பமே கீழே இறங்கி வந்து சொன்னது. அந்தப் புடவையை நெய்தது நானும் என் கணவரும். மற்ற வேலையை ஒதுக்கிவைத்து, விரதம் இருந்து நெய்தார் அவர். பிரவீனாவைக் காப்பாற்றியது எங்கள் கூடத்திலிருந்து கழற்றி மாடியில் மாட்டிய அதே டிரிப்பர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. என் கணவரின் காரியத்தன்று யுவராஜ் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தச் சாதனம் எதற்கு என்று தெரியாமல் செய்துவிட்டேன் என இனி முதலாளி எந்த வாயால் சொல்வார்?

4. கடந்த ஐப்பசி மழையில் நாங்கள் நெய்துகொண்டிருந்தோம். ஜரிகை எடுத்துவர நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் தறிமேல் சாய்ந்து கிடந்தார். சுவிட்சில் வைத்த கால் வைத்தபடியே இருந்தது. பக்கத்துத் தறிக்காரர் ஓடிப்போய் மெயினை நிறுத்தும்வரை லைன் ஓடிக்கொண்டிருந்தது. டிரிப்பர் இருந்திருந்தால் தொட்ட மாத்திரத்தில் லைன் போயிருக்கும். என் புருஷன் முதலாளியை நாலு வார்த்தை திட்டிக்கொண்டு எழுந்து வந்திருப்பார்.

5. சாவு வீட்டுக்கு மாலையோடு வந்த முதலாளி, அத்தனை பேர் முன்னால், “ரப்பர் செருப்பு போட்டுக்கினு உக்காந்திருந்தா இது ஆயிருக்குமாபா?” என்றார். போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐயா, தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குழியில் இறங்குகிற எங்களில் எவன் செருப்புக் காலோடு உட்காருவான்? ‘செருப்பை வெளியே விடவும்’ என்று வாசலில் பலகை எழுதி மாட்டியவரே அவர்தான். என் கணவரின் செருப்பு அன்று அந்தப் பலகைக்குக் கீழேதான் கிடந்தது. இப்போது பலகையைக் கழற்றிவிட்டார். ஆணியைப் பிடுங்க மறந்துவிட்டார், தாங்கள் வந்து பார்க்கலாம்.

6. எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. சமாதானம் பேச ஆள் அனுப்பினார், வந்த வழியே திருப்பி அனுப்பினேன். பிரவீனா என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட பெண். அவள் நன்றாக இருக்கட்டும், அவள் வீட்டு டிரிப்பரைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அவளைப் பெற்றவன் நன்றாக இருக்கட்டும் என்று என் வாயில் வராது. அவர் கோர்ட் வாசலில் நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

7. ஆகவே தாங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் வந்து, கூடத்தின் ஒயரிங், எர்த், கால் சுவிட்ச் எல்லாவற்றையும் சோதித்து, குறையெல்லாம் தீரும்வரை மின் இணைப்பைத் துண்டித்துவைக்கவும், திருஞானசம்பந்தம் மீது வழக்குத் தொடரவும் வேண்டுகிறேன். யுவராஜ் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். அதற்காக அவரையும் விட்டுவிட வேண்டாம். கழற்றிய கை அவருடையது.

8. கடைசியாக ஒன்று. விதிப்படி எல்லாம் சரிசெய்து மறுபடி இணைப்புக் கொடுக்கும் நாளில், முதல் சுவிட்சை முதலாளியே போட வேண்டும். என் கணவரின் தறிக்குழியில், ஈரத்தில், வெறுங்காலோடு உட்கார்ந்து போட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அதற்காகத்தானே ஐயா அந்த விதியை எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் காலைக் கீழே வைக்கும்போது, அவர் முகத்துக்கு நேராக நான் நிற்க வேண்டும். அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இடம்: தென்னேரி
நாள்: 05.01.2026

தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நதியா