பனைமரத்தில் தைத்திருக்கும் குண்டு

மனுச் செய்துகொள்பவள்:
குல்ஜார் பேகம்,
காலஞ்சென்ற தஸ்தகீரின் மனைவி,
பம்பு, பூட்டு ரிப்பேர் கடை வீடு,
மலையடிவாரம், திருத்தணி, சித்தூர் ஜில்லா.

சமுகம்:
ஜில்லா மாஜிஸ்திரேட் துரை அவர்கள், சித்தூர்.

விஷயம்: என் வீட்டுக்காரரைச் சுட்டதாகக் காவலில் வைக்கப்பட்டிருக்கும் கோதண்டம் குற்றம் செய்யாதவர் என்பதையும், அந்தக் குண்டை வார்த்தவள் நான் என்பதையும் தெரிவித்துக்கொள்வது.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் என் கையாலேயே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. சென்ற பிப்ரவரி 12ந் தேதி சாயங்காலம், கே.ஜி.கண்டிகைப் பக்கம் பண்ணைக்காரர் வேதாசலம் அவர்களுடைய கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றி சுட்டபோது என் வீட்டுக்காரர் குண்டு பட்டு இறந்தார். அங்கே துப்பாக்கி இரண்டு. பண்ணைக்காரரிடம் லைசென்சுள்ள பெரிய ரிவால்வர். தோட்டக் காவல்காரர் கோதண்டத்திடம் நாட்டுத் துப்பாக்கி. இரண்டும் தலைக்கு ஒரு தடவை வெடித்தன. பண்ணைக்காரர் சுட்டது பன்றியில் பட்டது. என் வீட்டுக்காரர் உடம்பிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்தது உருண்டைக் குண்டு. ரிவால்வரில் நீளக் குண்டுதான் போகும், உருண்டை நாட்டுத் துப்பாக்கிக்கு உள்ளது என்று போலீசார் கோதண்டத்தைக் கொண்டுபோனார்கள். விஷயம் தெரியாதவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். எனக்கு விஷயம் தெரியும்.

3. அந்த ரிவால்வரில் இருந்தது கம்பெனித் தோட்டா அல்ல. யுத்தம் வந்த பிறகு அந்தத் தோட்டா மதராஸிலும் கிடைக்கவில்லை. பண்ணைக்காரர் வெடித்துத் தீர்ந்த வெறும் தோட்டாக்களைக் கடைக்குக் கொண்டுவந்தார். “ஒத்தை குண்டு தப்பிக்கினே போவுது தஸ்தகீர். ஒரே வெடியில நாலஞ்சு போற மாதிரி எதுனா பண்ணேன்” என்று அவர் சொன்னதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். என் வீட்டுக்காரர் ரிப்பேருக்கு வந்த எதையும் முடியாது என்று திருப்பினவர் அல்ல. வெடிமருந்து அடைக்கும் வேலையை அவர் பார்த்தார். ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தவள் நான். சோறு வடித்த அடுப்பிலேயே வார்த்தேன்.

4. இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. அவர் ஒரு தோட்டாவுக்கு இரண்டு குண்டு வைத்தார். மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. இன்னொன்று வைத்தால் கொள்ளுமே என்று சொன்னவள் நான். அவர் சிரித்து, “ஏய், நீ எனக்கு வாத்தியாரா?” என்றார். ஆனால் வைத்தார். செங்கல் சூளைச் சுவரில் பத்தடி தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தார்கள். மூன்று பள்ளமும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. எவ்வளவு தூரமானாலும் மூன்றும் அப்படியே சேர்ந்துதான் போகும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். நாங்கள் பார்த்தது பத்தடி மட்டுமே. தூரம் கூடினால் மூன்றும் விலகிப் பிரியும் என்று தெரியாது.

5. அன்று கோதண்டம் குண்டு போடாமல் வெறும் மருந்து வெடி போட்டுப் பன்றியைக் கரும்புக்குள்ளிருந்து கலைத்தார். பண்ணைக்காரர் வெகு தூரத்தில் நின்றிருந்தார். தோட்டா சிக்கினால் எடுத்துக்கொடுக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர், குண்டு சேர்ந்து படுவதைக் கிட்டத்தில் பார்க்கவென்று பன்றி வரும் வழிக்கு நாலைந்து கஜம் பக்கத்தில் நின்று, “நான் தள்ளித்தான் நிக்கறேன், நீங்க சுடுங்க” என்று கத்தினாராம். இதைக் கோதண்டம் எங்கள் வாசலில் அழுதுகொண்டே சொன்னார். அவர்தான் என் வீட்டுக்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி வந்தவர். அந்தச் சட்டை ரத்தமும் அவருக்கு விரோதமாக எழுதப்பட்டிருக்கிறது.

6. விசாரணையில் என்னிடம் அந்தக் குண்டைக் காகிதத்தில் வைத்துக் காட்டினார்கள். பார்த்ததும் தெரிந்துபோயிற்று. எங்கள் மாக்கல் அச்சில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அதில் வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் கம்பு தானியம் போல ஒரு பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி எடுப்பேன். கடைசியாக வார்த்தபோது அலுப்பில் ராவாமல் விட்டுவிட்டேன். காகிதத்தில் இருந்த குண்டில் அந்தப் பிசிறு இருந்தது. ஆனாலும் தெரியாது என்று சொல்லிக் கைநாட்டு வைத்தேன். எழுதத் தெரிந்தும் கைநாட்டு வைத்தேன்.

7. பண்ணைக்காரரின் கணக்கப்பிள்ளை விசாரணைக்கு முந்தின நாளே வந்து, “லைசென்சு இல்லாம தோட்டா பண்ணான்னு செத்தவன் பேருல கேஸு எழுதுவாங்கம்மா. கம்முனு இரு” என்று சொல்லிப்போனார். அந்தப் பயம் இருந்தது. பன்றிக்குக் குண்டு வார்த்த வீடு என்று எங்கள் ஜனம் சொல்லுமே என்ற வெட்கமும் இருந்தது. பன்றிக்குப் போனதும் அவருக்குப் போனதும் என் ஒரே அச்சில் வந்தவை. புருஷனை இழந்தவள் இத்தா இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தா இருந்தது நிஜம். ஒளிந்துகொண்டதும் நிஜம்.

8. போன வாரம் கோதண்டத்தின் சம்சாரம் அம்மு கைக்குழந்தையோடு வந்தாள். என்னைத் திட்டவில்லை. “அக்கா, அந்தத் தோட்டத்து வரப்பு பனமரத்துல புது ஓட்ட ஒண்ணு கீது. உள்ள ஈயம் தெரியுது. பண்ணைக்காரர் சுட்டது பன்னியில, எங்க ஆளு சுட்டது தஸ்தகீர் பாவா மேலன்னா, மரத்துல கீறத யாரு சுட்டது?” என்று கேட்டாள். தெரியாது என்று அவளுக்கும் சொன்னேன்.

9. ஆகையால் தாங்கள் தயவுசெய்து ஆள் அனுப்பி, பனைமரத்தில் இருப்பதை உளி வைத்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுத்த குண்டோடும் என் அச்சோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வெடியில் போனவை என்று தெரியும். நான் மேலே வைக்கச் சொன்னது எது, பன்றியில் பட்டதா, மரத்தில் பட்டதா, அவர் மேல் பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. அது என்னோடு இருக்கட்டும். கோதண்டத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். எனக்குச் சட்டப்படி என்ன உண்டோ அதைச் செய்யுங்கள். இத்தா முடிய இன்னும் மூன்று மாதம் போல இருக்கிறது. கூப்பிட்டால் அதற்குள்ளேயே கோர்ட்டுக்கு வருகிறேன்.

10. இந்த மனுவையும் அச்சையும் துணியில் சுற்றி அம்மு கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் புருஷனை விடுவிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதைத் தாங்கள் அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து நானே சொல்ல எனக்கு முடியவில்லை.

திருத்தணி,
27-3-1944.

இப்படிக்கு, இந்தத் தடவை கையெழுத்தே போட்டு,
குல்ஜார் பேகம்