நின்ற இடத்தில் ஓடிய வண்டி

மார்ச் 4, செவ்வாய்

தம்பி என் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுப் போனான். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்தி வைத்தால் உதறுகிறது, மிதித்தால் திக்குகிறது, இன்ஜின் விளக்கு மின்னுகிறது. "தினமும் ஆபீசுக்கு ஹைவேலதான்க்கா போறேன். திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்றான். முகம் வற்றிப்போயிருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ம்." அவன் மனைவி இறந்து பதினான்கு மாதம். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இந்த 'ம்'தான்.

தகடு தட்டி நிமிர்த்தும் டிங்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது போட்டோ எடுக்கத்தான் லாயக்கு" என்றார். தம்பி போன பிறகு சொன்னாரே, அதுவரை நல்லது.

மார்ச் 5, புதன்

மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்றது ஸ்கேனர். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை மூன்றிலிருந்து கழற்றி ஒன்றில் மாட்டினேன். காயில் கெட்டிருந்தால் பழுதும் கூடவே ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்பார்க் பிளக்கை எடுத்தேன் — கண்மை போட்டதுபோல் கறுப்பு. தொட்டால் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி. மற்ற மூன்றும் அதே கதிதான், கொஞ்சம் குறைவு. நான்கையும் மாற்றினேன். உதறல் நின்றது. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிக் கொடுத்தேன், என் வழக்கம்.

ஹைவேயில் ஓடும் வண்டியில் இவ்வளவு கரி எப்படி?

மார்ச் 21, வெள்ளி

வண்டி திரும்ப வந்துவிட்டது. இப்போது இரண்டாவதும் மூன்றாவதும். பிளக்குகள் மறுபடி கறுப்பு, பதினாறே நாளில். எனக்கு மானம் போகிறது.

கம்ப்ரஷன் நான்கிலும் சரி. இன்ஜெக்டர் சொட்டவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தம். சென்சார் காட்டும் சூடு சரியான சூடு. வண்டியின் மேல் குற்றமே இல்லை. பின்னே யார் மேல்?

மார்ச் 22, சனி

ட்ரிப் மீட்டரைப் பார்க்க இன்றைக்குத்தான் தோன்றியது. 71 கிலோமீட்டர். சராசரி வேகம், மணிக்கு 2. இரண்டு! நடந்தே போனாலும் இதைவிடச் சீக்கிரம் போகலாம். அப்படியென்றால் முப்பத்தைந்து மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கிறது, வண்டி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே ஓடினால் பிளக் போதுமான அளவு சூடாகாது, கரியை எரிக்காது. படிந்துகொண்டே போகும்.

ஆபீசுக்கே போவதில்லையா இவன்?

கதவுப் பையைத் துடைக்கும்போது கத்தையாகப் பார்க்கிங் சீட்டுகள் கிடைத்தன. அவன் மனைவி கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியுடையவை. ஒரு நாள்கூட விடவில்லை. உள்ளே நான்கு மணி, வெளியே ஆறு.

அவள் உயிர் போனது நாலேகாலுக்கு.

புதுப் பிளக் போட்டு வண்டியைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடித்தளப் பார்க்கிங்கில், தூணை ஒட்டி, அவன் வண்டி, இன்ஜின் ஓடியபடி. கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிடக்கூட இல்லை. கதவைத் திறந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுக்குடா இங்க வர்ற?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். "அவ போன அன்னைக்கு நான் லேட்டா வரலக்கா. நாலு மணிக்கே வந்துட்டேன். இங்கதான் உட்கார்ந்திருந்தேன். வண்டிய ஆஃப் பண்ணா மேல வரணும்ல. பயமா இருந்துச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு..."

நிமிர்ந்து வண்டியின் கூரையைப் பார்த்தான்.

"நீதானே சொன்ன, கடைசி வரைக்கும் அவ என்னைத்தான் கேட்டுட்டே இருந்தான்னு. அவளுக்கு நேர் கீழதான் இருந்திருக்கேன்க்கா. நாலு மாடிதான்."

மார்ச் 25, செவ்வாய்

அவள் கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு நினைவு இல்லை. கண் திறக்கவில்லை, உதடு அசையவில்லை. யாரையும் கேட்கவில்லை. அவள் கையை நான் மட்டும் பிடித்திருந்தேன். எல்லாம் முடிந்து அவன் வந்து கதவோரம் நின்றபோது, எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவனுக்கு வலிக்கட்டும்னுதான் சொன்னேன். வேற எதுக்கு? ஒரே ஒரு வாக்கியம். மறுநாளே மறந்தும் போனேன். அவன் அதை வச்சுக்கிட்டுப் பதினாலு மாசமா... நான் பிளக்கை மாத்திட்டு இருக்கேன்.

மார்ச் 30, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே. அவளுக்கு நினைவே இல்லைடா, நான் சொன்னது பொய் என்றேன்.

என்னையே பார்த்தான். "கேக்கவே இல்லையா?"

"இல்லடா."

"ஒரு தடவகூட?"

இதற்கு என்ன பதில் வேண்டியிருந்தது அவனுக்கு? ஆமென்றாலும் கொலை, இல்லையென்றாலும் கொலை. இல்லை என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ போக்கா" என்றான். படியிறங்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 19, சனி

போனை எடுப்பதில்லை. வீடு பூட்டியிருக்கிறது. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள் ஆபீசில். எந்த ஊர் என்று சொல்லவில்லை. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருப்பான்.

ஜூன் 2, திங்கள்

ஆஸ்பத்திரி அடித்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். தூணை ஒட்டி வேறு யாருடைய வண்டியோ.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். வேறு ஏதோ ஊர் மெக்கானிக்.

"சிவப்பு ரெண்டு சீட்டுக் காருங்க. கடைசியா நீங்கதான் பிளக் மாத்துனீங்களாமே? எது போட்டீங்கன்னு சொன்னா அதையே வாங்கிடுவேன்."

சொன்னேன். "மறுபடி மிஸ் ஆகுதா?"

"சேச்சே. சர்வீசுக்குத்தான் வந்திருக்கு. பழைய பிளக்கெல்லாம் அழகா எரிஞ்சு பழுப்பா இருக்கு. நல்லா ஓட்டுறாரு போல."

கிலோமீட்டர் கேட்டேன். நாற்பத்தோராயிரம் என்றார். என் கையை விட்டுப் போனபோது இருபத்தொன்பதாயிரம்.

அவன் பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "வண்டிக்காரர் வேற எதாவது சொன்னாரா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலைங்க. எங்க அக்காவுக்குத்தான் தெரியும், கேட்டுக்குங்கன்னு நம்பரைக் குடுத்தாரு."