டாக்டர் எழுதிய மாவு

என் அப்பாவுக்கு,

உங்களைக் கொன்றது நோயில்லை, பட்டினி. அதுவும் என்ன சாப்பிட வேண்டும் என்று டாக்டர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த பிறகு வந்த பட்டினி.

குடலில் முதல் ஒப்பரேஷன் முடிந்து இரத்தோட்டைக்கு பஸ்ஸில் திரும்பினோமே, அன்று உங்கள் மடியில் மாத்திரைப் பை இருந்தது. எல்லாம் இலவசம். டாக்டர் எழுதிய சத்து மாவு மட்டும் மருந்து கொடுக்கும் யன்னலில் கிடைக்கவில்லை. "இது மருந்தில்ல தங்கச்சி, சாப்பாடு. வெளியில வாங்கிக்கங்க" என்றார்கள். எடை ஏறினால்தான் இரண்டாவது ஒப்பரேஷன் என்று சொன்னதும் அதே ஆஸ்பத்திரிதான்.

எப்படியோ ஒரு டின் வாங்கினேன். நம் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகளில், சாப்பாடென்றால் பங்கு போடுவோம். பக்கத்துக் காம்பரா செல்வி அக்காவின் பிள்ளைகளுக்கு நீங்களே கரைத்துக் கொடுத்தீர்கள். நான் கத்தினேன்.

"ஏம்மா, புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கிதுங்க, நா மட்டும் குடிக்கவா? மாத்திரையவா குடுத்தேன்?"

சிரித்தீர்கள். மாத்திரையை யாரும் கேட்கவில்லை, நீங்களும் நீட்டவில்லை. யன்னலில் மருந்தென்று கொடுத்திருந்தால் மாவையும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள், இல்லையா?

கிளினிக் தராசில் முள் இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டார்கள். தேறுவதற்கு என்ன கொடுத்தார்கள்?

உங்கள் பெல்ட் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஆணியால் நீங்கள் குத்திய புது ஓட்டைகளில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு சின்னதாகிவிட்டதா உங்கள் இடுப்பு? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஒரு செய்தி, அப்பா. செல்வி அக்காவுக்கும் இப்போது டாக்டர் அதே மாவைத் துண்டில் எழுதிக்கொடுத்திருக்கிறார். போன மாதம் அவரோடு அதே யன்னலுக்குப் போனேன். அதே பதில். வரும் வழியில் பஸ்ஸில், "ஒங்கப்பா மாவ எம் புள்ளைங்கதானே குடிச்சிச்சு" என்றார்.

மாவையும் யன்னலில் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போனபோது, பெரிய டாக்டரின் அறையில் கடிதமாகக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பிறகு இன்னும் இரண்டு கொடுத்தேன். பதில் இல்லை.

ஒவ்வொரு கிளினிக் நாளும் செல்வி அக்காவோடு போவேன், அப்பா. எப்படியாவது ஒரு டின் வந்தால் அதை யாரும் தொட விடமாட்டேன், அவர் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றாலும். உங்களால் முடியாததை நான் செய்வேன். என்னைக் கோபிக்காதீர்கள்.

நாளைக்கு நான்காவது கடிதம். இந்த முறை இரண்டே வரிகள்.

டாக்டர் எழுதினால் அது மருந்து.
யன்னலில் கொடுங்கள்.

உங்கள் மூத்த மகள்