சென்சாரும் சர்க்கரையும்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இருமல் நின்றதா?

நேற்று பட்டறையில் ஒரே கூத்து. ஒருவர் தன் பைக்குக்கு இன்னும் இழுவை வேண்டுமென்றார். லேப்டாப்பை மாட்டி, இன்ஜெக்ஷனில் பெட்ரோல் அளவை ஏற்றினேன். ஓட்டிப் பார்த்தால் பழைய கதைதான். மறுபடி ஏற்றினேன், மறுபடி அதே கதை. முதலாளி சிரித்துவிட்டார்.

"சைலன்சர் குழாய்ல ஆக்சிஜன் சென்சார் உக்காந்திருக்கே, மறந்துட்டியா? நீ ஊத்த ஊத்த, அது புகையை மோந்து பாத்து குறைச்சுக்கிட்டே இருக்கும்."

"அந்த ஒயரைப் பிடுங்கிடுங்க" என்றார் வண்டிக்காரர்.

"பிடுங்கினா புகைச் சோதனையில வண்டி தேறாதுங்க" என்றேன்.

சாதாரண ஓட்டத்தைச் சென்சாரிடமே விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கும்போது மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதன் பேச்சு எடுபடாது. ஓட்டிப் பார்த்தவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

எனக்கு உன் ஞாபகம்தான். டீயில் சர்க்கரை கூட்டச் சொல்வேன். நீ வாயே திறக்காமல் அடுத்த டம்ளரில் குறைத்துவிடுவாய். இங்கே தடுக்க ஆளில்லை. இஷ்டத்துக்குப் போட்டுக் குடிக்கிறேன், ருசிதான் வரவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால், நம் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் கரண்டியைக் கொடுத்தனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். பெரிய கரண்டி வேண்டாம். நீ அளக்கும் அந்தச் சின்னதுதான்.

உன் வீட்டுக்காரன்