எட்டில் ஒட்டியிருந்த சந்தனம்

செம்பூர், மும்பை
12 ஆகஸ்ட்

அன்பு மகள் செண்பகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நல்ல சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் காபியில் வாய் வைக்கிறேன். தினம் வாட்ஸ்அப்பில் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் திருத்துவார், இந்த விஷயத்தை அவர் திருத்தாமல் உனக்குச் சொல்ல வேண்டும். மாடிவீட்டு சஃப்ரீன் வியாழக்கிழமை டொராண்டோவுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் இதையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கக் கொஞ்சம் தடுக்கும் என்று தெரியும், எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

போன மாதம் உங்கப்பா உன்னிடம், "நான் வரல, அம்மாவ மட்டும் கூப்பிட்டுக்கோ" என்று சொல்லிப் போனை வைத்ததும் நீ அன்றைக்கு முழுக்க அழுதாய் என்று மாப்பிள்ளை சொன்னார். தலைப்பிரசவத்துக்குக்கூட அப்பா வரமாட்டார், அவருக்கு என் மேல் எப்போதும் அவ்வளவுதான் என்று நீ சொன்னாயாம். அப்படி இல்லை செண்பகம். அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்தத் துப்பாக்கிதான். பட்டாளத்திலிருந்து வந்து நகைக்கடைக் காவலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருபத்துநாலு வருஷமாக நம் பீரோவுக்குள் நிற்கிறதே, அந்த ஒற்றைக்குழல். அது அவர் பேரில் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாதபோது அது என்னிடம் இருந்தால்கூட என் மேல் கேஸ் வருமாம். கட்டின பெண்டாட்டியை நம்பிப் பீரோ சாவியைக் கொடுக்கலாம், உள்ளே இருப்பதைக் கொடுக்கக்கூடாது என்பது என்ன சட்டமோ, யோசித்துப் பார்த்தால் சரியாகவும்தான் இருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவருடைய லைசென்ஸ் புத்தகம் நம் ஊரில் வாங்கியது, இந்தியா முழுவதும் செல்லும் என்று அதில் ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரையின் கெடு வரும் செப்டம்பர் கடைசியோடு முடிகிறது. அதற்குள் துப்பாக்கியோடு ஊருக்குப் போய்ப் புதுப்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே துப்பாக்கி தமிழ்நாட்டில் செல்லும், செம்பூரில் குற்றம் என்று உட்கார்ந்துவிட்டார். உனக்கோ பிரசவம் அதே செப்டம்பரில். எனக்கு இதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். உனக்கு ஆறு வயதில் நாம் மூன்று பேரும் புதுப்பிக்கிறதுக்காக ரயிலில் ஊருக்குப் போனது நினைவிருக்கிறதா? தோட்டா தனிப் பையில், துப்பாக்கி உறைக்குள், உறையின் வார் அவர் கையில் இரண்டு சுற்று. மகாராஷ்டிரா முடிந்து கர்நாடகா, அப்புறம் ஆந்திரா, அப்புறம் நம் ஊர் என்று வழியில் டிடிஇ, ரயில்வே போலீஸ் என்று யார் கேட்டாலும் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டுவார். முத்திரை இல்லாமல் போயிருந்தால் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் இவர் குற்றவாளி, தாண்டினதும் இல்லையா என்று நான் அப்போதே கேட்டேன். கோடு எங்கே இருக்கிறது என்று ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், கரும்புதான் தெரிந்தது, அந்தப் பக்கமும் அதே கரும்பு. அவர் சிரித்துவிட்டு, "கோடு தரையில இல்ல, இந்தப் புஸ்தகத்துல இருக்கு" என்றார். அந்தப் பயணத்தில்தான் சோலாப்பூரில் நீ பிளாட்பாரத்தில் இறங்கி அப்பா தூக்கு அப்பா தூக்கு என்று அழுதாய். அவர் வாரை விடவில்லை. நான்தான் உன்னைத் தூக்கினேன், மூட்டையும் நான்தான்.

சரி, வழி இல்லாமல் சட்டம் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். தாராவியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறாரே பிரம்மநாயகம் அண்ணாச்சி, அவரிடம் போனேன். அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார், லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் பாதுகாப்பாக ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம், போலீசுக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், திரும்பி வந்த பிறகு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதற்கென்று தனி அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. இருபத்துநாலு வருஷத்தில் இதை ஒருத்தரிடம் கேட்கவில்லையே மனுஷன் என்று எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. கேட்டால் யாராவது துப்பாக்கியையே கொடுத்துவிடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம், அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். நான் வந்து சொன்னதும் மூன்று நாள் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு நாலாம் நாள் அவரே உறையைத் துடைத்தார், போன திங்கட்கிழமை இருவரும் டாக்ஸி பிடித்து ஃபோர்ட் பக்கம் ஒரு பழைய கடைக்குப் போனோம்.

அங்கேதான் கூத்து. கடைக்காரர் வயதான போரா முஸ்லிம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழலில் இருக்கிற நம்பரைப் படித்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். புத்தகத்தில் கடைசி எண் எட்டு, குழலில் மூன்று. இது வேறு துப்பாக்கி, உங்களுடையது எங்கே என்று ஹிந்தியில் மெதுவாகத்தான் கேட்டார். நம்பர் பொருந்தாத துப்பாக்கிக்கு லைசென்சே கிடையாது, நான் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாரே, ஊரில் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் அவர் ஒப்பிக்க ஆபீசில் எழுதிக்கொண்டார்கள், குனிந்து படித்தவர்கள் யாரும் இல்லை. நான் அவருக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்த டிக்கெட் போச்சு, விசா போச்சு, உன் பிரசவத்துக்கு அவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார் என்று நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த கையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்கும் அரிவாள்மனைக்கும் வைக்கிற மாதிரி அதற்கும் சந்தனம் வைப்பது நான்தானே. உருண்டைக் குழலில் பொட்டு வழுக்கும் என்று, நம்பர் வெட்டியிருக்கிற அந்தச் சமமான இடத்தில்தான் வைப்பேன். அவர் மறுநாள் எண்ணெய்த் துணியால் மேலாகத் துடைப்பார், உள்ளே போனது உள்ளேயே இறுகிக் கறுத்துவிட்டது. எட்டின் இடது பக்கம் அடைந்துபோனால் மூன்றுதானே. வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு நான் கையை நீட்டினேன், கடைக்காரர் பதறிப்போய் நம்பரில் கை வைக்காதீர்கள் அம்மா, அதுவே தனிக் குற்றம் என்று தடுத்தார். அதுவும் ஒரு சட்டமாம், பார். அப்புறம் அவர் பையனை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, என் ஊக்கை வாங்கி அவரே ஓரத்தில் மெல்லக் குத்தினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார். சந்தனமா என்றார். இருபத்துநாலு சரஸ்வதி பூஜை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்குக்கு வந்துவிட்டது. எட்டு வந்துவிட்டது செண்பகம், முழு எட்டு.

ரசீது வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஹார்பர் லைன் ரயிலில் திரும்பி வந்தோம். உட்கார இடம் இருந்தும் உங்கப்பா நின்றுகொண்டே வந்தார், வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தரம் கம்பியைப் பிடிப்பார், ஒரு தரம் பாக்கெட்டில் விடுவார். குர்லா வந்ததும் "என்னமோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, திரும்பிக்கொண்டேன். இப்போது தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி நடக்கிறது. ஏர்போர்ட்டில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்களாமே, இத்தனை வருஷம் ஆமாம் என்று புத்தகத்தை நீட்டியே பழகினவர், "நோ சார்" என்று சொல்லிப் பார்க்கிறார். சொல்லும்போது கை சட்டைப் பைக்குப் போய்விடுகிறது.

அங்கே ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குத் துப்பாக்கி கொண்டுபோக என்ன விதி என்று மாப்பிள்ளையைக் கேட்டு வை, அமெரிக்கா பக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறாமே, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கோடாவது தரையில் போட்டிருக்கிறதா என்றும் கேள். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, குனிந்து துணி துவைக்காதே, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. உங்கள் மூன்று பேருக்கும் அந்த செண்பகவல்லித் தாய் துணையிருப்பாள். செப்டம்பர் இரண்டாம் தேதி நாங்கள் வந்து இறங்குகிறோம், இருவருமே. நான் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், அவர் கையில் எதுவும் கொடுக்க மாட்டேன். பேரப்பிள்ளையை அவர் தூக்குவது இருக்கட்டும், அது பிறந்த பிறகு. ஏர்போர்ட்டில் அவர் வெளியே வந்ததும் முதலில் நீ போய் அவர் வலது பக்கம் நில். சோலாப்பூரில் அழுத பிள்ளை நீதான்.

இப்படிக்கு, உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா
சண்முகவடிவு