இடைவேளையோடு நின்ற படம்

ஏப்ரல் 2, புதன்

நேற்று பொழுது சாய வீடு வந்து சேர்ந்தேன். ஆலங்காயத்தில் பஸ் இறங்கி, இவருடைய ஜீப்பிலேயே மலையேறினேன். முன் சீட்டில் அரிசி மூட்டை, மனைவிக்குப் பின் சீட்டு. வண்டியின் முகப்பில் மணிவேல் என்று தன் பெயரை எழுதியிருக்கிறார், பின்னால் ரத்தினம்மாள் என்று அம்மா பெயர். என் பெயருக்கு இன்னும் இடம் வரவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஏப்ரல் 21 அன்று சேர வேண்டும். முதல் மாதம் முழுக்க இரவு டியூட்டி, ஆஸ்டலில்தான் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் ஆயிற்று. படித்ததெல்லாம் மறந்திருக்கும் என்று பயந்துகொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன். மறக்கவில்லை.

பிரியதர்ஷினி அங்கேதான் வேலை பார்க்கிறாள், என்னோடு படித்தவள். மதியம் அவள் அறைக்குக் கூட்டிப் போய் லேப்டாப்பில் ஒரு படம் போட்டாள். "அழுவாம பாரு பாக்கலாம்" என்றாள். நிஜமாக வாழ்கிற ஒரு பெண்ணின் கதை. கடலோரத்தில் உப்பளத்து ஊர். சின்ன வயதில் கல்யாணம், பெரிய குடும்பம், விடிந்தால் அடுப்பு. முப்பது வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம் போய், கடைசியில் மாட்டு டாக்டர் ஆகிறார். நான் அழுதேன். பிரியாவுக்கு ஒரே சிரிப்பு.

ஏப்ரல் 4, வெள்ளி

இவரிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அத்தை புளியை வெயிலில் பரப்பிக்கொண்டே, "புளி முடியட்டும்" என்றார்.

இந்த வீட்டில் யாரும் கூடாது என்று சொல்வதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம். 'பாக்கலாம்' என்பதோடு எப்படிச் சண்டை போடுவது?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு யோசனை. நான் சொன்னால் எடுபடாது, படம் சொன்னால்? இவருக்கு மாடு என்றால் உயிர். சாப்பிடும்போது சும்மா பேச்சோடு பேச்சாக, "ஒரு படம் பாத்தேங்க, மாட்டு டாக்டரப் பத்தி. நெசமா நடந்தது. நீங்க பாத்தே ஆவணும்" என்றேன். சோற்றிலிருந்து தலை தூக்கினார். "மாட்டு டாக்டரா? ஆலங்காயத்துல மொபைல் கடையில கேட்டா ஏத்திக் குடுப்பான்."

குடித்தனக்காரி, குழந்தை இல்லாதவள், வாய் திறந்து 'என்னை அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டியதில்லை. அந்த டாக்டரம்மாவே எனக்காகக் கேட்டுவிடுவார். இரண்டரை மணி நேரம் இவரும் அத்தையும் எழுந்து போகாமல் உட்கார்ந்தால் போதும்.

ஏப்ரல் 9, புதன்

பென்டிரைவ் எடுத்துப் போக மறந்துவிட்டாராம். நேற்றும் மறந்தார்.

நாள் முழுக்கப் புளி. ஓடு உடை, நார் உருவு, கொட்டை எடு. விரலெல்லாம் கறுத்து எரிகிறது. இந்தக் கையோடு ரத்தம் எடுக்கப் போனால் நோயாளி பயந்து ஓடுவான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஊர்ப் பெரியவர் தாண்டவராயன் இன்று கோயில் முன்னால் நாள் சொல்லிவிட்டார். வரும் செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். 23-ஆம் தேதி அவிழ்ப்பார்கள்.

நான் வேலையில் சேர வேண்டிய 21 நடுவில் மாட்டிக்கொண்டது. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள், அவிழ்க்கும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய வந்துவிட வேண்டும். மீறினால் ஊருக்கே ஆகாது. ஆனால் கட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போனவர்களை அது ஒன்றும் செய்யாது. ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பையன்கள் முந்தின நாளே மூட்டை கட்டிவிடுவார்கள்.

அப்படியானால் நானும் செவ்வாய் காலை ஜீப்பில் இறங்கிவிட வேண்டும். பிரியா அறையில் ஒரு வாரம் தங்கிக்கொள்ளலாம். அதற்குள் படம் வந்துவிட வேண்டும். திங்கள் சாயங்காலம் பார்த்தால்கூடப் போதும். செவ்வாய் காலை இவரே, "ஏறு வண்டியில" என்பார்.

ஏப்ரல் 14, திங்கள்

எப்படி எழுதுவது? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பென்டிரைவ் வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா, அவள் மருமகள்கள், தாண்டவராயன் வரை வந்து நடையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பையைக் கட்டி உள்ளறையில் வைத்துவிட்டு நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் புத்தகத்தைப் போட்டு எரிக்கிற இடத்தில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது.

அந்தப் பெண் உப்புக் கூடையை இறக்கி வைக்கிறாள். பள்ளிக்கூட மணி சத்தம் தூரத்தில் கேட்கிறது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். திரை இருட்டாகிறது. இடைவேளை.

அடுத்த நொடி டிவியில் அம்மன் பாட்டு!

திருவிழா மைக்குக்காகப் பாட்டெல்லாம் அதே பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்திருக்கிறார். படம் கடையில் இரண்டு துண்டாக இருந்திருக்கும், இடம் இருந்த அளவுக்கு முதல் துண்டை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் யாருக்குத் தெரியும்? கதவு சாத்தியது, பாட்டு வந்தது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தாண்டவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்டா மணிவேலு. பொம்பளன்னா இப்டி இருக்கணும்" என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ பொறும பாத்தியா காவியா" என்றார்.

வாயைத் திறந்தேன். அத்தனை பேர் நடுவில், 'டீ போடட்டுமா' என்றுதான் வந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் ஜீப் கிளம்பியபோது பையோடு அறைக்குள் நின்றிருந்தேன். நாலு எட்டு வைத்தால் வாசல். அத்தை வெளியிலிருந்து, "எங்க வூட்டுலயும் ஒரு பொறுமசாலி கீறா" என்று செல்லம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் காப்புக் கட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 16, புதன்

என் தலையெழுத்து, ஊரெல்லாம் இப்போது அந்தப் படப் பேச்சுதான். செல்லம்மா மருமகள்களைத் திட்டுவதற்கு அந்தப் பெண்ணைத்தான் இழுக்கிறாள். இவர் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம்: "குடும்பத்தோட பாக்க வேண்டிய படம், என் வூட்டுக்காரிதான் பாக்கச் சொன்னா."

நான் சொன்ன படம்! என் கையாலேயே என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோயில் மைக்கில் காலையிலிருந்து பாட்டு. இந்தப் பாட்டுகள்தான் என் மீதிப் படத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் இன்னாத்துக்குடி காவியா வாய மூடிக்கினு கீற? சொல்லேன். சொல்லித் தொலையேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எங்கள் ஊரில் மேட்டுப் பாறை மேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல். ஏறி, லேப் பொறுப்பாளர் ஷோபனா மேடத்திடம் பேசினேன். மூன்று நாள் தள்ளி வரலாமா என்று கேட்டேன். காப்பு விஷயத்தைப் பொறுமையாகத்தான் கேட்டார். "திருவிழாவுக்கு லீவு கேக்கறதுன்னா வேலையில சேந்த பிறகு கேக்கணும்மா" என்றார். 21 அன்று வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம்.

பாறையிலிருந்து பார்த்தால் கீழே ரோடு வளைந்து வளைந்து போவது தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற ரோடு.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

அத்தையும் செல்லம்மாவும் நானும் புளிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். அத்தை வழக்கம்போல, "அவ பட்ட பாட்டுக்கு நாம படறதெல்லாம் ஒரு பாடா" என்றார்.

"அந்தப் படம் முடியல அத்த."

"இன்னா சொல்ற? கதவ சாத்திட்டாளே."

"அது இன்டர்வெல். மீதி ஏறல. அம்மன் பாட்டு எடத்த அடச்சிக்கிச்சி."

செல்லம்மா கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. மறுநாள் விடியற்காலை அதே கதவைத் திறந்துகொண்டு அவள் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தது, பரீட்சையில் தோற்றது, திரும்ப எழுதியது. சிரித்த ஊரே ஒரு மழை நாளில் வயிற்றில் கன்று தலைமாறிக் கிடந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டது. கை புளியை உருவிக்கொண்டே இருந்தது, வாய் பேசிக்கொண்டே இருந்தது.

"கடைசியில நடிச்ச பொண்ணு போயி, நெசமான அந்தம்மா வருது அத்த. தல நரச்சி, ஒரு கால லேசா சாச்சி நடந்து வந்து ஒரு எருமைக்கு ஊசி போடுது."

அத்தையின் கை நின்றது. "நெசமானவளா? கதைன்னு இல்ல நெனச்சேன். உசுரோட கீதா?"

"கீது அத்த."

இன்னொரு புளியை எடுத்துக் கொட்டையை நீக்கினார். பிறகு கேட்டார்: "அவ மாமியாக்காரி இன்னா ஆனா?"

கட்டிப்பிடித்து அழுதார் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியைப் பற்றிப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"சாவற வரைக்கும் அவகூட பேசலியாம்."

அத்தை மடியை உதறிக்கொண்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "எனக்கும் போவணும் அத்த. வேலூருக்கு. வேலைக்கு." காதில் விழுந்ததா தெரியாது. செல்லம்மா காதில் விழுந்தது, அது போதும், ஊருக்கே விழுந்திருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அத்தை என்னோடு பேசவில்லை. நான் சொன்ன கதை எனக்கே வந்துவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று சேர வேண்டிய நாள். கோயிலுக்கு மாவிளக்கு மாவு இடித்தேன்.

ஏப்ரல் 23, புதன்

காப்பு அவிழ்த்தாயிற்று. யாருக்கு அவிழ்த்தார்கள்? என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று பிரியா எழுதியிருக்கிறாள்.

இவர் ஆலங்காயத்தில் கடை வாசலிலேயே நின்று மீதிப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகம் தொங்கிப் போயிருந்தது. "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா காவியா? பாதிப் படத்த அஞ்சு ஊருக்குச் சொல்லி வெச்சிக்கிறேன்" என்றார். அவருக்கு அந்த வெட்கம். வேலை போய்விட்டது என்றேன். தலையைச் சொறிந்தார். "திரும்ப வந்தா பாக்கலாம்."

பாக்கலாம்.

அத்தை இன்னும், 'உப்பு எங்க', 'கன்னுக்குட்டிய அவுத்தியா' என்ற அளவுக்குத்தான். பையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டேன். உள்ளறையில் பூண்டுக் கூடை பக்கத்தில் இருந்ததில் அந்த வாசம் ஏறிப் போயிருந்தது.

மே 6, செவ்வாய்

காலையில் பாறைக்குப் போனேன். பிரியாவின் ஆறு தவறிய அழைப்புகள். இரவு டியூட்டி ஒத்துக்கொள்ளாமல் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். ஷோபனா மேடம், "அந்தத் திருவிழாப் பொண்ணு இன்னும் வருவாளா, கேளு" என்றாராம். வியாழக்கிழமைக்குள் வர வேண்டும்.

ஓடி வந்தேன். இவர் ஜீப்புக்கு மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. "வேலை திரும்பி வந்திருக்குது. நான் நாளைக்குப் போறேங்க" என்றேன். அவர் வாய் பழக்கப்பட்ட வாய். "பாக்..." என்று ஆரம்பித்தார்.

உள்ளிருந்து அத்தை குரல். "இன்னாடா பாக்கறது? பாத்ததெல்லாம் போதும். நாளைக்கு மூட்டையத் தூக்கிப் பின்னால போட்டுட்டு, அவள முன்னால ஏத்திக்கினு போ."

இவர் கயிற்றை விட்டுவிட்டார். அத்தை வெளியே வரவில்லை, உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "பேசாமயே செத்தாளே அந்த மாமியாக்காரி, அவளுக்கு இன்னா கெடச்சிது?"

மே 22, வியாழன்

ஆஸ்டல். ஜன்னல் பக்கம் கட்டில் எனக்கு. பகலில் தூங்கப் பழகவில்லை. விரலில் புளிக் கறை போய்விட்டது, நகத்தோரம் மட்டும் இருக்கிறது.

வெளியே போகவே முடியாமல் கிடந்த வீட்டை நினைத்து இங்கே வந்து அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நேற்று அழுதேன். எழுதிவைக்கிறேன், பொய் எதற்கு.

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது இவர் எண்ணிலிருந்து போன். எடுத்தால் பேச்சு இல்லை, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பயந்துவிட்டேன்.

"காவியா?"

"அத்தயா? பாறை ஏறியா வந்தீங்க? முட்டி வலி இன்னா ஆவறது?"

"ஆமா, ஏறிட்டேன்."

இவர் முழுப் படத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கிறாராம். செல்லம்மா பார்த்துவிட்டாளாம், அத்தை பார்க்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாராம். பாறை மேல் காற்று அடிப்பது கேட்டது.

"வேற இன்னா அத்த?"

"வேற ஒண்ணுமில்ல. பேசணும்னுதான் ஏறி வந்தேன்."